மஞ்சள் அம்பும் இருபத்துமூன்று பேரும்

நாகரிகம் எப்போது தொடங்கியது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நெருப்பு என்கிறார் ஒருவர், சக்கரம் என்கிறார் மற்றொருவர். இருவருமே பாவம். ஒரு மனிதன் வேலையைச் செய்யக் கிளம்பியபோது இன்னொருவன் அவன் தோளைத் தொட்டு, "கொஞ்சம் இருங்க, இதைப் பத்தி ஒரு மீட்டிங் போட்டுடலாம்" என்றானே, அந்தப் பொன்னான நொடியில்தான் நாகரிகம் தொடங்கியது.

அந்த நாகரிகத்தின் உச்சியை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடிக்குப் போனால் போதும். லிஃப்ட் திறந்ததும் எதிர்ச் சுவரில் "வேகமே எங்கள் மூச்சு" என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும். அதன் கீழே, காத்திருப்பவர்களுக்காக ஆறு நாற்காலிகள் போட்டிருக்கும்.

அந்த நிறுவனம் தயாரிப்பது ஒரு 'நூலகம்'. அலமாரியையும் புத்தகத்தையும் தேட வேண்டாம். இது கணினிக்குள் இருக்கும் நூலகம். மற்ற கம்பெனிகள் எழுதும் மென்பொருளுக்குப் படங்களைத் திறந்து கொடுப்பதுதான் இதன் தொழில். படக் கோப்பு ஒன்றை நீட்டினால், அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, இந்தப் புள்ளி சிவப்பு, அந்தப் புள்ளி பச்சை என்று பிரித்துப் போட்டுவிடும். நாற்பது வகைப் படக் கோப்புகள் அதற்கு அத்துப்படி. அவற்றில் முப்பத்தொன்றை அதற்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளை அலுவலகம் 'பதினாறு' என்று அழைத்தது. கோப்புகளுக்குள் இருக்கும் எண்களை, கணினிக்காரர் வழக்கப்படி பத்துக்குப் பதில் பதினாறை அடியாக வைத்த கணக்கில், வரிவரியாகப் பரப்பி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல் படிப்பாள் என்பது காரணம். நாற்பத்திரண்டு வயதில் நாலு பேர் வாயால் 'பதினாறு' என்று அழைக்கப்படும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நிறுவனம் அவளுக்குக் கொடுத்த ஒரே பட்டமும் அதுதான்.

விஷயம் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவளுடைய அக்கா வீட்டில்.

"என்ன அத்தான், முகமே சரியில்ல?"

"அம்பு காணாமப் போச்சும்மா" என்றார் அத்தான்.

"ஒரு மாசமா இதே பாட்டுத்தான்" என்று அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "தூக்கத்துலகூட கையை நீட்டி நீட்டித் தேடுறார். முந்தாநாள் என் மூக்குல இடிச்சிட்டார்."

அத்தானுக்கு வேலை நில அளவை அலுவலகத்தில், மூன்றாவது கவுண்டரில். வருகிறவர் தம் மனையைச் சொன்னால், திரையில் இருக்கும் வரைபடத்தில் அதைத் தேடிக் கிளிக் செய்து, அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாகச் செய்கிற வேலை. ஆனால் அவர் பார்வை வருடத்துக்கு வருடம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. அதற்காக அங்கிருந்த வரைபடக்காரர் ஒருவர், ஒன்பது வருடத்துக்கு முன்பு அவருக்கென்றே, திரையில் மவுஸோடு நகரும் கர்சர் ஒன்றை வரைந்து கொடுத்திருந்தார். மஞ்சள் நிறம், கறுப்புக் கரை, கட்டைவிரல் பருமனில் நேராக மேலே பார்க்கும் அம்பு. அதை வைத்துக்கொண்டு அத்தான் ராஜாவாக வாழ்ந்தார்.

பிப்ரவரியில் அந்த அலுவலகம் வரைபடங்களைக் காட்டும் மென்பொருளைப் புதிதாக மாற்றியது. மஞ்சள் அம்பு திறக்கவில்லை.

"இப்ப எறும்பு சைசுல ஒண்ணு ஓடுது. வெள்ளை மேப்புல வெள்ளை அம்பு. ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, நான் மவுஸை வச்சு மேசையை உழுதுகிட்டு இருக்கேன்." அத்தான் சிரித்தார். "ஆபீசர் நல்ல மனுஷன்தான். 'உங்க அம்பு வர்ற வரைக்கும் வாசப்பக்கம் உட்கார்ந்து தபாலைப் பிரிச்சுக் கொடுங்க'ன்னுட்டார்."

சமையலறையில் ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைக்கப்பட்டது.

"அம்பைத் திறந்தா என்ன சொல்லுது?"

"'இக்கோப்பின் வகை அறியப்படவில்லை. வருந்துகிறோம்.'"

பதினாறு எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். அந்த வாசகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். 'வருந்துகிறோம்' என்பதைச் சேர்த்தவளே அவள்தான். புதிய மென்பொருள் படங்களைத் திறப்பது அவளுடைய நூலகத்தை வைத்துத்தான். நாற்பது வகைக் கோப்புகள் தெரிந்த அந்த நூலகத்துக்குக் கர்சர் கோப்பு மட்டும் தெரியாது. யாரும் கேட்டதில்லை, அவளும் எழுதியதில்லை.

திங்கட்கிழமை காலை உட்கார்ந்தாள்.

கர்சர் கோப்பு என்பது ஐகான் கோப்பின் உடன்பிறப்பு. இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே நடை. தொடக்கத்தில் ஓர் எண் மட்டும் வேறு. ஐகான் என்றால் ஒன்று, கர்சர் என்றால் இரண்டு. அடுத்து, உள்ளே எத்தனை படங்கள் என்ற கணக்கு. பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன விலாசம். அங்கே போனால் படம் இருக்கும். ஒரே ஒரு சூது உண்டு. கோப்பு தன் படத்தின் உயரத்தை எப்போதும் இரண்டு மடங்காகச் சொல்லும். பாதிதான் அம்பு, மீதிப் பாதி, அம்பில் எந்த இடம் கண்ணாடிபோல் தெரிய வேண்டும் என்பதற்கான மூடி. ஆகவே சொன்ன உயரத்தைப் பாதியாக்கிப் படிக்க வேண்டும். தன் உயரத்தை இரண்டு மடங்காகச் சொல்லிக்கொள்பவர்களோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

ஐகானுக்கு ஏற்கெனவே எழுதியிருந்த நிரலின் மேலேயே கட்டினாள். மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. மொத்தம் ஐம்பத்தாறு வரிகள்.

இந்த இடத்தில் சாதாரண நிறுவனமாக இருந்திருந்தால் அதை அப்படியே வெளியிட்டு, வரலாற்றில் இடம்பெறும் வாய்ப்பைக் கோட்டைவிட்டிருக்கும். இங்கே அப்படி நடக்கவில்லை. புதிய கோப்பு வகை எதுவானாலும் 'கலந்தாலோசனை' வேண்டும் என்பது விதி. மேலாளர் அன்று மாலையே மீட்டிங் அழைத்தார்.

மேலாளரை எல்லோரும் 'தொலைநோக்கு' என்பார்கள். அந்தச் சொல் இல்லாமல் அவருக்கு வாக்கியம் முடியாது. கிட்டத்தில் இருக்கும் எதையும் அவர் பார்த்ததாகத் தகவல் இல்லை.

"அடிப்படையிலேருந்து வருவோம்" என்றார் தொலைநோக்கு. "அம்பு ஒரு படமா?"

"படம்தான் சார். அறுபத்துநாலு புள்ளி அகலம், அறுபத்துநாலு புள்ளி உயரம்."

"அது கிட்டப் பார்வை. தொலைநோக்குல பார்த்தா, அது ஒரு திசை."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒரு நெருடல். உலகத்துல இருக்கிற முக்காவாசி கர்சர் அம்பும் இடது பக்கமாத்தான் சாய்ஞ்சிருக்கு. நாம அதைத் திறந்து காட்டினா, கம்பெனி இடது பக்கம் சாய்ஞ்சிடுச்சுன்னு பேச்சு வரும்."

"வலது பக்கம் திருப்பிக் காட்டிடலாமே" என்றார் விளம்பரப் பொறுப்பாளர்.

"அப்ப வலது பக்கம்னு பேச்சு வரும்."

"கீழ பாக்குற மாதிரி?"

"கீழ பாக்குற அம்பு பங்குதாரர்களுக்கு ஆகாது."

"சார்" என்றாள் பதினாறு. "நாம அம்பை வரையப் போறதில்ல. யாரோ வரைஞ்சு வச்ச அம்பை வாசிக்கப் போறோம். வாசிச்சும் ஆச்சு, நிரல் தயாரா இருக்கு. எங்க வீட்டுல ஒருத்தருக்கு இது ரொம்ப அவசரம்."

சட்ட ஆலோசகர் பேனாவை மூடி, மேசைமேல் படுக்க வைத்தார்.

"உங்க வீட்டுல ஒருத்தருக்கா?"

அன்று நிறைவேறிய தீர்மானத்தைப் படிக்கும்போது இன்றும் மெய் சிலிர்க்கும். கர்சர் கோப்பு தொடர்பான அனைத்தையும் ஆராய 'அம்பு ஆய்வுக் குழு' அமைக்கப்படுகிறது. உறுப்பினர் இருபத்துமூன்று பேர். நிறுவனத்தில் கர்சர் கோப்பை அறிந்தவர் ஒருவரே. அவருக்கு அதில் 'சொந்த நலன்' இருப்பதால், அவர் குழுவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். அவர் எழுதிய நிரலும் உறையிலிட்டு வைக்கப்படுகிறது. நீதி தேவதை கண்ணைக் கட்டிக்கொண்டதாகத்தான் சொல்வார்கள். இந்த நிறுவனம் கண்ணுள்ளவரை வெளியே அனுப்பிவிட்டது.

குழு உழைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஏப்ரல் முழுக்க 'அம்பு' என்ற சொல்லுக்கு வரையறை எழுதினார்கள். குழுவுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று மே மாதம் முடிவாயிற்று. அம்பைச் சின்னமாக வைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, அம்பு பற்றி இன்னும் முடிவாகவில்லையே என்று மற்றொருவர் சுட்டிக்காட்ட, சின்னத்துக்காக ஒரு துணைக்குழு பிறந்தது. கடைசியில் ஒரு புறாவை வைத்துக்கொண்டார்கள்.

ஜூலையில் தொலைநோக்கு வெளியூர் மாநாடு ஒன்றுக்குப் போய்வந்தார். திரும்பி வந்தவர் கண்ணில் ஒளி இருந்தது.

"அம்பை வாசிக்கிறது பழைய காலம்" என்று எல்லோரையும் கூட்டி அறிவித்தார். "அம்பு என்ன நினைக்குதுன்னு வாசிக்கணும். செயற்கை நுண்ணறிவு!"

'அறிவார்ந்த அம்பு' பிறந்தது. மூன்று வாரத்தில் செயல்முறை விளக்கம். கர்சர் கோப்பை நிறுவனத்தின் நூலகம் திறக்காதபடியால், அம்பை ஒரு தாளில் கையால் வரைந்து, போனில் புகைப்படம் எடுத்து, அந்தப் புகைப்படத்தை நுண்ணறிவுக்குக் காட்டினார்கள். அது ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்னது: "இது மகிழ்ச்சியோடு மேல்நோக்கி எழும் ஒரு முக்கோணம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தரப் பரிசோதகர் மட்டும் தட்டவில்லை. ஒல்லியான மனிதர்; எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர்; அதனாலேயே பதவி உயராதவர்.

"கர்சர்னா கிளிக் விழுற புள்ளி ஒண்ணு இருக்கணுமே" என்றார் அவர். "இதுக்கு முனை எங்க இருக்கு?"

"சிறப்பான கேள்வி!" என்றது நுண்ணறிவு. "முனை என்பது உங்கள் உள்ளத்தில் இருக்கிறது."

இரண்டாவது கைதட்டல் முதலாவதைவிட நீண்டது.

இதற்கிடையில் நில அளவை அலுவலகத்தின் வாசலில் ஒருவர் தபால் பிரித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதம் அந்த நல்ல ஆபீசர் அவரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். 'விருப்ப ஓய்வு' என்று தலைப்பு. விருப்பம் யாருடையது என்று படிவத்தில் கேட்டிருக்கவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் அம்பு வராவிட்டால் அதில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள். குரல் வழக்கமான குரலாக இல்லை.

"இன்னிக்கு அவர் ஆபீஸ் போகல."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. குளிச்சார், சட்டை மாட்டினார், ஷூவும் போட்டுக்கிட்டார். அப்படியே கட்டில்ல உட்கார்ந்தவர்தான். கேட்டா, 'சும்மா உட்கார்ந்திருக்கேன்'ங்கிறார்."

பதினாறு நேராகத் தொலைநோக்கின் அறைக்குப் போனாள்.

"சார், அம்பு எப்ப சார் வரும்?"

"பொறுமை! குழு இறுதிக் கட்டத்துக்கு முந்தின கட்டத்துக்குத் தயாராகுற கட்டத்துல இருக்கு."

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். அழவில்லை. நிறுவனத்தின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, கோப்பைப் படிப்பதுபோல் முதல் எழுத்திலிருந்து படித்தாள். நூற்றுநாற்பது பக்கம். நூற்றுப்பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'எழுத்துப்பிழைத் திருத்தங்களுக்குக் குழுவின் ஒப்புதல் தேவையில்லை.' முன்பொரு முறை ஒரு குழுவின் பெயர்ப் பலகையில் விழுந்த பிழையைத் திருத்தலாமா என்று பதினோரு வாரம் விவாதித்துக் களைத்த பிறகு சேர்த்த விதி அது.

உறையிலிருந்த ஐம்பத்தாறு வரிகளை எடுத்துத் தரப் பரிசோதனைக்கு அனுப்பினாள். மாற்றத்தின் விவரம் என்ற கட்டத்தில் எழுதினாள்: 'ஒன்று என்று மட்டும் இருந்த இடத்தில் இரண்டு விடுபட்டிருந்தது. சேர்க்கப்பட்டது.' அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பரிசோதகர் அச்செடுத்த தாள்களோடு அவள் மேசைக்கு வந்தார்.

"இது எழுத்துப்பிழையா?"

"ஒண்ணுதான் இருந்துச்சு சார். ரெண்டும் இருக்கணும்."

"மீதி அம்பத்தஞ்சு வரி?"

"கொஞ்சம் பெரிய பிழை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டாம் தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"எனக்கு ஸ்பெல்லிங் எப்பவுமே வீக்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் கடைசி வாரம் நூலகத்தின் புதிய பதிப்பு வெளியானது. நில அளவை அலுவலகத்தின் மென்பொருள் அன்றிரவே தானாக அதை எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை அத்தானிடமிருந்து போன். பின்னணியில் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சும்மா! மஞ்சளா, கொழுகொழுன்னு, அதே அம்பு! ஆபீசர் மூணாம் நம்பர் நாற்காலியைத் தூசி தட்டி அவரே இழுத்துப் போட்டார். உங்க கம்பெனிக்கு நன்றிக் கடிதம் அனுப்பிட்டார். அந்தப் படிவத்தை என் கண் முன்னாடியே கிழிச்சார்."

அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கு அடுத்த நாள் மறுபடி போன்.

"அம்மாடி, ஒரு சின்ன விஷயம். அம்பு பக்கத்து வீட்டைக் குத்துது."

"என்னது?"

"ஒருத்தர் அவர் மனைப் படம் கேட்டார். முனையை நடு மனையில வச்சுத்தான் கிளிக் பண்ணேன். பக்கத்து வீட்டுக்காரர் படம் வந்துச்சு. அவங்க ரெண்டு பேருக்கும் பன்னெண்டு வருஷமா வேலிச் சண்டையாம். 'அரசாங்கமே அவன் பக்கம் சேர்ந்துடுச்சா'ன்னு கத்திட்டுப் போனார். ஆபீசர் ஒண்ணும் சொல்லல. ஆனா மறுபடியும் யோசிக்க ஆரம்பிச்சிட்டார்."

பதினாறு கோப்பை எண் எண்ணாகப் பரப்பினாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அம்பின் எந்தப் புள்ளி முனை என்று கர்சர் கோப்பு சொல்லும் இடத்தில், ஐகான் கோப்பு வேறு எதையோ, நிறத்தைப் பற்றிச் சொல்லும். ஐகானுக்கான பழைய நிரல் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும். அதன் மேல் கட்டிய அவளும் கூடவே குதித்துவிட்டாள். முனை தெரியாததால் படத்தின் இடது மேல்மூலையே முனை என்று கணினி எடுத்துக்கொண்டது. அவள் சோதித்துப் பார்த்த அம்புகளுக்கெல்லாம் முனை அந்த மூலையில்தான் இருந்தது. அத்தானின் அம்புக்கு நடு உச்சியில். வித்தியாசம் முப்பத்திரண்டு புள்ளி. ஒரு வேலியைத் தாண்ட அது போதும்.

"கழுதை" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இருபத்துமூன்று பேரைக் குறை சொல்லலாம். இதற்கு அவள்தான் பொறுப்பு. மூன்று வரியில் சரிசெய்தாள். அனுப்பும் பொத்தானில் விரலை வைக்கும்போது, மேலாளர் அறைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது.

தொலைநோக்கின் முன் ஆபீசரின் நன்றிக் கடிதம் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில் கேட்டார்:

"கர்சர் கோப்பு திறக்குதாமே?"

"ஆமா சார்."

"குழு இன்னும் முடிவே பண்ணல. அதுக்குள்ள அது எப்படித் திறக்கலாம்?"

சட்ட ஆலோசகர் குற்றச்சாட்டைப் படித்தார். பிழையில்லாத இடத்தில் பிழைத்திருத்தம் செய்தது. அதன் விளைவாக வேலை நடந்துவிட்டது. விசாரணை முடியும்வரை அவள் கையிலிருந்து ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது.

"சார், ஒரு மூணு வரி மட்டும். முனை தப்பா இருக்கு. விசாரணை எப்ப முடியும்?"

"அதுக்கு முதல்ல ஒரு குழு போடணும்."

ஆனால் தொலைநோக்கு சும்மா ஒன்றும் மேலாளர் ஆகிவிடவில்லை. சட்ட ஆலோசகர் போனதும் கடிதத்தை மறுபடி படித்தார். அதே நாளில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் பாராட்டி எழுதியிருந்தார்கள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரல் தேனானது.

"தொலைநோக்குல பார்த்தா, இதைக் குழுதான் செஞ்சிருக்கு. இல்லையா?"

ஒரு தாள் தயாராக வந்தது. 'குழுவின் வழிகாட்டுதலில் எழுந்த சிந்தனையை நான் தட்டச்சு மட்டுமே செய்தேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அந்த நூலகத்தில் முப்பத்தொரு நிரல் கோப்புகளின் முதல் வரியில் அவள் பெயர் உண்டு. யாரும் படிப்பதில்லை. இருந்தாலும் புதிதாக ஒன்று முடிக்கும்போது அந்த வரியைக் கடைசியாகத்தான் எழுதுவாள், இனிப்பைக் கடைசியில் சாப்பிடுவதுபோல. முப்பத்திரண்டாவதிலும் எழுதியிருந்தாள். தாளைப் பார்த்தாள். ஷூ போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒருவரை நினைத்துக்கொண்டாள்.

"பேரை நீங்க எடுத்துக்குங்க சார். முனை மட்டும் இன்னிக்கே வெளிய போயாகணும்."

"அடடா! முனைப்புன்னா இதுதான்" என்றார் தொலைநோக்கு, பேனாவை நீட்டியபடி.

மூன்று வரிகளும் அன்று மாலையே வெளியே போயின. முதல் வரியில் இருந்த பெயர் அழிந்து, அந்த இடத்தில் இருபத்துமூன்று பெயர்கள் அகர வரிசையில் வந்து உட்கார்ந்தன. வேலிச் சண்டைக்காரருக்கு அவருடைய சொந்த மனையின் படமே கிடைத்தது.

அக்டோபரில் பாராட்டு விழா. குழுவுக்குக் கேடயம். விழாவின் சிறப்பு விருந்தினர், நில அளவை அலுவலகம் அனுப்பிய 'பயனாளி' ஒருவர். அவர் யாருடைய அத்தான் என்று நிறுவனத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தி அன்று காலையே போனில் கெஞ்சியிருந்தாள்.

"அத்தான், மேடையில எதையும் உளறி வச்சிடாதீங்க. நான் எழுதிக் கொடுத்துட்டேன். என் வேலைக்கு உலை வச்சிடுவாங்க."

"நான் வாயே திறக்கல, போதுமா?"

"திறக்க மாட்டார். சட்டை இப்பத்தான் தேய்ச்சேன், அதைக் கசக்காம இருந்தாப் போதும்" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

பதினாறை மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. மைக்கை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று கடைசி வரிசையில், ஒலிப்பெட்டியின் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

தொலைநோக்கு பேசினார். "இது வெறும் அம்பல்ல. ஏழு மாத உழைப்பு! நாற்பத்தோரு மீட்டிங்!" திரையில் ஒரு படம் விரிந்தது. மூன்று வரிசையாக இருபத்துமூன்று பேர். நடுவில், மற்றவர்களைவிட ஒரு படி உயரத்தில், தொலைநோக்கு. அத்தான் முன்னால் ஒரு மேசை, அதன் மேல் ஒரு மவுஸ். திரையில் மஞ்சள் அம்பு.

"ஐயா, உங்க அம்பாலேயே சுட்டிக் காட்டுங்க. உங்க வேலையை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது யாரு?"

அத்தான் சொன்ன சொல் தவறாதவர். வாய் திறக்கவில்லை. அம்பு நகர்ந்தது. தொலைநோக்கின் படத்துக்கு வந்து சற்று நின்றது. நிஜத் தொலைநோக்கு டையைச் சரிசெய்துகொண்டார். அம்பு அவரைத் தாண்டியது. சட்ட ஆலோசகரைத் தாண்டியது. மனை மனையாகத் தேடிப் பழகிய கை, முகம் முகமாக மூன்று வரிசையையும் நிதானமாகப் பார்த்து முடித்தது. பிறகு படத்தின் விளிம்பைக் கடந்து, வெளியே இருந்த வெற்றுச் சாம்பல் பரப்பில் நின்றது. கிளிக். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் கிளிக்.

கூட்டத்தில் சலசலப்பு. "சின்னத் தொழில்நுட்பக் கோளாறு" என்று சிரித்தார் தொலைநோக்கு. "முனை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு."

இரண்டாவது வரிசையில் பரிசோதகர் எழுந்தார். "இல்ல சார். முனை சரியா இருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

விழாவைக் காப்பாற்றும் அவசரத்தில் தொலைநோக்கு மைக்கை அத்தானின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"சரிங்கய்யா, வாயாலேயே சொல்லிடுங்க. இந்த இருபத்துமூணு பேரும் இல்லேன்னா, உங்க அம்பு வந்திருக்குமா?"

பத்தொன்பது வருடமாகக் கவுண்டரில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லியே பழகியவர் அவர். தர்மசங்கடமாகக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார். அரங்கத்தின் அரையிருட்டில், குழாய் வழியாகப் பார்க்கும் அவருக்கு யாரும் தெரிந்திருக்க வழியில்லை. அங்கே ஒரு கை ஒலிப்பெட்டியின் குமிழைப் பிடித்திருந்தது. குறைக்கலாம், கூட்டலாம். அவள் கடைசிவரை கூட்டினாள்.

"வந்திருக்கும் சார்" என்றார் அத்தான். அரங்கத்தின் நான்கு சுவர்களும் அதைத் திருப்பிச் சொல்லின. "மார்ச் மாசமே வந்திருக்கும்."